நான் சொன்ன ஜீரோ

அவர் ஹெட்போன் மாட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். வயரை நீவிப் பார்ப்பார். திரையில் இருக்கும் வால்யூம் குமிழின் முள் அடியில் நிற்கிறதா என்று மூக்கு உரசும் அளவுக்குக் குனிவார். அப்புறமும் மாட்டமாட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, "ஜீரோவாம்மா?" என்று கேட்பார். நான் என் பக்கத்துத் திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து "ஜீரோ" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் ஹெட்போன் தலைக்கு ஏறும். அதுவும் இடது காதில் மட்டும். வலது காதுப் பக்கம் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கையால் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஒலி வந்து, அது கடிக்காத ஒலி என்று தெரிந்த பின்னால்தான் வலது காதுக்கும் இடம் கொடுப்பார்.

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்தக் கூத்து நடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மைசூரில் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. மொத்தமே ஐந்து பேர். கம்ப்யூட்டருக்குள்ளேயே வாசிக்கிற சிந்தசைசர் என்கிற இசைக்கருவி செய்து வெளிநாட்டு இசைக்காரர்களுக்கு விற்போம். கையில் தொட ஒன்றுமே இருக்காது. திரையில் ஒரு பலகை, அதில் இருபது முப்பது குமிழ்கள், மவுஸால் திருகினால் ஒலி மாறும். நான் உள்ளே ஓடும் புரோகிராமை எழுதுகிறவள். அவர் குமிழ்களை வரைகிறவர். அவ்வளவுதான் அவருடைய வேலை. மனிதர் ஆறு வருஷமாகக் குமிழ் மட்டும் வரைந்துகொண்டிருந்தார்.

குமிழ் வரைவது என்றால் ஒரு படம் வரைந்து விடுவதில்லை. முள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது போல நூற்றி இருபத்தெட்டுப் படங்கள் வேண்டும். அத்தனையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி நீளமாக ஒரே பட்டையாக்கிக் கொடுப்பார். வால்யூம் எண் எதுவோ அதற்கான படத்தை என் புரோகிராம் பட்டையிலிருந்து எடுத்துக் காட்டும். கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் முள் கிளம்பும், மேலே சுற்றிக்கொண்டு போய் ஐந்து மணியில் நிற்கும். ஏழில் இருந்தால் சத்தமே இல்லை. ஐந்தில் இருந்தால் முழுச் சத்தம். இரண்டுக்கும் நடுவில் அடியில் ஒரு சந்து. அங்கே முள் எப்போதுமே போகாது. வேண்டாம் என்பதற்குக் கன்னடத்தில் பேடா. அவர் அந்தச் சந்துக்குப் "பேடா ஜாகா", வேண்டாத இடம், என்று பெயர் வைத்திருந்தார்.

"நோடும்மா, பாரு, இந்தச் சந்து இல்லைன்னா சும்மா இருக்கிறது எது, கத்துறது எதுன்னு மனுஷனுக்குத் தெரியாது. அப்புறம் காதுதான் போகும்."

மைசூர்க்காரர். மூன்று தலைமுறையாக என்.ஆர். மொகல்லாவில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நானோ கொள்ளேகால் தாண்டி ஹனூர்ப் பக்கம் ராமாபுரம். எங்கள் பேச்சு அவருக்குச் சிரிப்பு, அவர் பேச்சு எனக்குச் சிரிப்பு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. ஸ்கூட்டர் ஓட்டமாட்டார், பின்னால் உட்காரவும் மாட்டார். தினமும் நடந்துதான் வருவார். பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் துணைக்கு யாராவது வரும்வரை ஓரமாக நிற்பார். மனிதர்தான் வரவேண்டும் என்பதில்லை. ஒரு நாள் பசுமாடு ஒன்று கடந்தபோது அதன் நிழலில் ஒட்டிக்கொண்டு இவரும் கடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாடிப்படியில் யாராவது டீ எடுத்துக்கொண்டு ஏறினால் அவர்கள் மேலே போய்ச் சேரும்வரை கீழே நிற்பார். தீக்குச்சி கிழிக்கும் சத்தத்துக்குக்கூட அவர் தோள் ஒரு முறை தூக்கிப்போடும்.

தசராவுக்கு முன்னால் அரண்மனைப் பக்கம் பீரங்கி வெடித்து யானைகளுக்கும் குதிரைகளுக்கும் சத்தத்தைப் பழக்குவார்கள். அது எந்தெந்த நாள் என்று செய்தித்தாளில் வரும். அவர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுவார். அன்றைக்கு வரும்போது ஒரு பொட்டலம் பஞ்சோடு வருவார், அவருக்கு மட்டுமில்லை, ஐந்து பேருக்கும். என் மேசையிலும் இரண்டு உருண்டை வைப்பார். ஒரு வருஷம் நான் அதை விரலால் சுண்டித் தள்ளினேன்.

"யானைக்கே பழகிப்போச்சுங்ண்ணா, உங்களுக்கு இன்னும் பழகலீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "யானைக்குக் காது பெருசும்மா, தாங்கும். எனக்கு ஞாயித்துக்கிழமை பாடணும்."

அவர் மொகல்லாவில் தமிழ் ஆராதனைப் பாடகர் குழுவில் பாடுகிறவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். போனோம். நாலு வரிசையாக நின்றார்கள், இவர் மூன்றாவது வரிசையில் நடுவில். பாட்டு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஓரக்கண்ணால் இவர் வாயைப் பார்த்துத்தான் சுருதி பிடித்தார்கள். ஒரு இடத்தில் மற்றவர்கள் எல்லாம் நின்றுபோக இவர் குரல் மட்டும் மேலே போனது. மாட்டோடு ஒட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற அதே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதிரே அத்தனை ஜனம், ஒரு பயமும் இல்லை. அவர் மனைவி எனக்கு முன் பெஞ்சில் இருந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸ், கறாரான பெண்மணி. அன்றைக்குக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். ஆனாலும் கேலியை விடவில்லை.

அடுத்த வருஷம் ஒரு புதுக் கருவி செய்துகொண்டிருந்தோம். அவர் வால்யூம் குமிழை வரைய ஆரம்பித்து நாலு நாளாயிற்று. முடிந்தபாடில்லை. முள் மேல் நோக்கி நிற்கிற மாதிரிக்கு ஒரு படம் மட்டும் பாஸிடம் காட்டுவதற்காக எல்லோருக்குமான பொது ஃபோல்டரில் போட்டிருந்தார். குமிழில் எப்போதும் இடது மேல் பக்கமிருந்துதான் வெளிச்சம் விழ வேண்டும் என்பது அவர் சட்டம். முள் சுற்றலாம், வெளிச்சம் சுற்றக் கூடாது. அதனால் ஒவ்வொரு படத்திலும் நிழலையும் பளபளப்பையும் தனித்தனியாகச் சரி செய்வார். நாலு நாள் அதற்குத்தான்.

எனக்குச் சோதித்துப் பார்க்க அவசரமாக ஒரு குமிழ் வேண்டியிருந்தது. அந்த ஒற்றைப் படத்தை எடுத்தேன். அப்படியே சுழற்றி நூற்றி இருபத்தெட்டுப் படமாக்க ஐந்து வரியில் ஒன்று எழுதினேன். ஒரு நிமிஷத்தில் பட்டை தயார். மனிதர் நாலு நாளாகச் செய்வதை நான் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வட்டம் என்றால் முந்நூற்று அறுபது பாகை என்று பள்ளிக்கூடத்தில் படித்த புத்தி, முழு வட்டத்துக்கும் சுற்றிவிட்டேன். ஏழில் கிளம்பின முள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் ஏழுக்கே வந்து நின்றது. அடியில் சந்தே இல்லை. ஜீரோவும் முழுச் சத்தமும் பார்வைக்கு ஒரே படம். படத்தை மொத்தமாகச் சுழற்றியதால் வெளிச்சமும் கூடவே சுற்றி, முள் அடியில் நிற்கும்போது கீழேயிருந்து மேல் நோக்கி அடித்தது. இதில் எதையும் நான் கவனிக்கவில்லை. எனக்கு எதிரே எண் ஓடுகிறது, படத்தை யார் பார்த்தார்கள்?

மறுநாள் காலையில் ஒலிக்குள் எங்கேயோ மெல்லிசாக ஒரு கரகரப்பு இருந்தது. அதைத் தேடிக்கொண்டிருந்தேன். லேசான சத்தம் காதில் விழ வேண்டுமே என்று வால்யூமைக் கடைசிவரை ஏற்றினேன், ஹெட்போன் செருகியிருந்த பெட்டியிலும் கடைசிவரை திருகினேன். தேடியது கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே வருகிறேன், அவர் எல்லோரும் ஒலி சோதிக்கும் அந்தப் பொதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஹெட்போன் கையில் இருக்கிறது. குனிந்து பார்க்கிறார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "ஜீரோவாம்மா?" என்றார்.

என் மேசை எட்டடி தூரத்தில் இருந்தது. எண் அங்கேதான் தெரியும். போய்ப் பார்க்கச் சோம்பல். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன், முள் அடியில் இருந்தது.

"ஜீரோதாங்ண்ணா. மாட்டுங்க."

இடது காதில் வைத்தார். வலது பக்கம் ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டார். திரையில் இருந்த பியானோக் கட்டை ஒன்றை மவுஸால் அழுத்தினார்.

அந்தச் சத்தம் ஹெட்போனுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அவர் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, மேசை மேல் மெதுவாக வைத்தார். எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைத்தார். பிறகு இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். நான் ஏதோ கேட்டேன், அவர் என் வாயையே பார்த்தார்.

பாஸ் ஓடி வந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மற்ற இருவரும் கூடப் போனார்கள். ஆபீசில் நான் மட்டும். என் இடத்துக்குப் போய் எண்ணைப் பார்த்தேன். முழுச் சத்தத்தில் நின்றது.

இதற்கு அப்புறம் நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். அவர் அன்று காலையில்தான் தன்னுடைய பட்டையை முடித்துப் பொது ஃபோல்டரில் போட்டிருந்தார். நான் என் பட்டையை எடுத்து அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அவருடைய பட்டையை அந்த இடத்தில் வைத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். எல்லாம் முடிய ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு தடவைகூட அவர் காதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

சாயந்தரம் பாஸ் வந்து சோதித்துப் பார்த்தார். முள் ஏழில் கிளம்பி ஐந்தில் நின்றது. அடியில் சந்து, வெளிச்சம் இடது மேலே, ஒரு குறையும் இல்லை. கன்னடத்தில் சொன்னார்: "எல்லாம் சரியாத்தானே இருக்கு. மாட்டும்போது கை பட்டு ஏத்திட்டார் போல. இவர் போய் இப்படிப் பண்ணலாமா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இடது காதில் நரம்பு அடிபட்டுவிட்டது என்றார்கள். உயர்ந்த சுரங்கள் கேட்காது, உள்ளே ஊய் என்று ஒரு இரைச்சல் நிற்காமல் இருக்கும். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. ஹெட்போனை அதற்கப்புறம் தொடவே இல்லை. குமிழ் வரைவார், வீட்டுக்குப் போவார். பாடகர் குழுவில் சுருதி ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று அவரே விலகிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் பயந்து செத்தேன். அழித்த ஃபைலைத் திரும்ப எடுக்க முடியும் என்று எங்கேயோ படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிரிண்டர் பழுது பார்க்க ஒருவன் வந்து அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் கையை நீட்டினால் எனக்கு வியர்த்துவிடும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தால், இதோ கேட்கப்போகிறார் என்று கீபோர்டில் குனிந்துகொள்வேன். அவரோ, "பேனா இருக்காம்மா?" என்பார். ஆறு மாதம் இப்படியே போயிற்று. பிறகு வீட்டிலிருந்தே வரைகிறேன் என்று அவர் வேலையை விட்டுப் போனார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. கொஞ்ச நாளில் நானும் பெங்களூருக்கு மாறிப்போனேன்.

விபத்து நடந்து மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக மைசூர் வந்தேன். முடித்துவிட்டு ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டில் கொள்ளேகால் பஸ்ஸுக்கு நின்றபோது, பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். யாரையோ ஏற்றிவிட வந்திருந்தார். ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் வாய் கூப்பிட்டுவிட்டது. "அண்ணா." அவர் திரும்பவில்லை. பக்கத்தில் போய் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. அவருக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முன்னால் போய் நின்றேன். முகம் மலர்ந்தது. "ஏனம்மா, எப்ப வந்தே? ஊர்ல அப்பா சென்னாகிருக்காரா, நல்லா இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே என்னை வலது பக்கம் உட்காரச் சொன்னார். நல்லபடியாகக் கேட்டதுதான் தாளவில்லை. உட்கார்ந்தவள் சொல்லிவிட்டேன். நான் செய்த பட்டை, பார்க்காமல் சொன்ன ஜீரோ, அழித்தது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "தெரியும்மா."

"என்னைக்கிருந்துங்ண்ணா?"

"அன்னைக்கே. வெளிச்சம் கீழேயிருந்து வந்துச்சு. என் குமிழ் இல்லைன்னு பார்த்தேன். மாட்டலாமா பேடாவான்னு யோசிச்சேன்." இடது காதை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். "ஆனா நீ ஜீரோன்னு சொல்லிட்டியே."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏனுங்க யாருகிட்டயும் சொல்லாம இருந்தீங்க?"

"பயம்தான், இன்னேனு, வேறென்ன? நீ இல்லைன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது? கையில ஒண்ணும் இல்ல. எல்லாரும் ஏற்கெனவே சிரிக்கிறாங்க. காதும் போய், பொய் சொல்றான்னு வேற பேர் வரணுமா?"

கொள்ளேகால் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர் பெயரைக் கூவ ஆரம்பித்தார். நான் எழுந்தேன். அவரும் எழுந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? எங்கிட்ட சொன்னது சரி. எங்க வீட்டுல வந்து சொல்றியா?" குரல் இறங்கிவிட்டது. "எல்லாத்தையும் பத்துத் தடவை பார்க்கிற ஆளு, அன்னைக்கு மட்டும் எங்க பார்த்தீங்கன்னு கேக்குறா. மூணு வருஷமா கேக்குறா. இப்ப என்னை காஸ் அடுப்புகூடத் தொட விடமாட்டா. நான் பார்த்தேன்னு சொன்னா நம்பமாட்டா. எனக்கு இருந்தது அந்த ஜாக்கிரதை ஒண்ணுதாம்மா."

கிறிஸ்துமஸ் அன்று பார்த்த அவர் மனைவியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. கால் பஸ் பக்கம்தான் இழுத்தது. ஏறியிருந்தால் அவர் தடுத்திருக்கமாட்டார், டாட்டா காட்டியிருப்பார். பஸ் கிளம்பிப் போகும்வரை நின்றேன். பிறகு அவரோடு நடந்தேன்.

மொகல்லாவுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு பெரிய ரோடு இருக்கிறது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் அவர் நின்றார், நானும் அவரோடு நின்றேன். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்த ரோடு காலியாகவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார் போல, அவர் மனைவி யூனிஃபாரம் மாற்றாமலேயே கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் சொன்னது போல வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன் என்பதை இரண்டு தடவை சொன்னேன். முடித்ததும் அந்த அம்மா கணவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

அவர் தலையாட்டினார்.

"சரி. நீங்க தீப்பெட்டிக்கே பயப்படுற ஆளு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னடி பயம்?"

"விடு, பாவம், சின்னப் பொண்ணு," என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. அவ சொல்லட்டும்."

வேலை போய்விடும் என்று, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று, எத்தனையோ பதில்களை நான் மூன்று வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த அம்மாவின் கண் முன்னால் ஒன்றும் எடுபடவில்லை.

"அண்ணனுக்குக் காது போச்சேன்னு நான் பயப்படலீங்கக்கா," என்றேன். "மாட்டிக்குவேனோன்னுதான் பயந்தனுங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். திட்டவாவது செய்வார் என்று நின்றேன். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு, கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போனார். கணவரின் வலது பக்கமாகச் சுற்றி வந்து, தோளில் கை வைத்துக் குனிந்து, அவர் காதருகே ஏதோ சொன்னார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கு அது கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.